நான் அழிச்ச பொட்டு

முதல்லயே சொல்லிடறேன், நான் பெரிய பக்திமான் கிடையாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போவேன். ஆண்டவருக்குப் பயந்து இல்ல, எங்க ஊட்டம்மாவுக்குப் பயந்து. பிரசங்கம் அரை மணி நேரத்தத் தாண்டுச்சின்னா எனக்குக் கண்ணு சொருகிடும். அவ முழங்கையால ஒரு இடி இடிப்பா, நான் திடுக்குன்னு முழிச்சிகினு "ஆமென்" போடுவேன். ஒரு தடவ பாஸ்டர் தும்மினதுக்கு ஆமென் சொல்லி, மொத்த சபையும் திரும்பிப் பாத்துச்சு.

பொழப்பு போட்டோ ஸ்டூடியோ. கும்மிடிப்பூண்டி பஜார்லேர்ந்து கம்பெனிங்க இருக்கற பக்கம் போற ரோட்டுல, ஒரு டீக்கடைக்கும் மெடிக்கல் ஷாப்புக்கும் நடுவுல ஒத்த ஷட்டர் கடை. காலையில ஏழு மணிக்கே கான்ட்ராக்ட் ஆளுங்க வரிசையா வந்து நிப்பாங்க, கம்பெனி ஐடி கார்டுக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுக்க. ஒடிசாக்காரன், பீகார்காரன், நம்ம ஆரம்பாக்கத்துக்காரன் எல்லாருக்கும் ஒரே நீலச் சட்டைதான். கடையில ஆணியில தொங்கும். மாத்தி மாத்திப் போட்டு அதுக்குன்னு தனியா ஒரு வாசனையே வந்துடுச்சு. மீதி நேரம் கல்யாணம், காதுகுத்து, மஞ்சத்தண்ணி.

எனக்கு இருக்கற ஒரே தெறமை கம்ப்யூட்டர்ல மூஞ்சத் தொடைக்கறது. கல்யாணப் பொண்ணுக்கு மூக்கு மேல பரு வந்துச்சா, கவலையே வேணாம். மாப்பிள்ளைக்கு நெத்தியில வெட்டுத் தழும்பா, போயே போச்சு. ஒருக்கா ஒரு தாய்மாமனோட குடிகாரக் கண்ணையே வெள்ளையாக்கிக் குடுத்தேன். அந்தாளு ஆல்பத்தப் பாத்த சந்தோஷத்துல நேரா மறுபடி குடிக்கப் போயிட்டாரு. இந்தத் தெறமைதான் பின்னால என்ன நாற அடிச்சுது.

எங்க சபை சின்னது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ரெண்டு பேன், அதுல ஒண்ணு கர்த்தர் ரெண்டாந்தடவ வரும்போதுதான் சுத்தும். பாஸ்டர் நல்ல மனுஷன். இத இப்பவே எழுதி வச்சிடறேன், ஏன்னா போகப் போக அவரத் திட்டப் போறேன். யாருக்கு ஆஸ்பத்திரின்னாலும் மொத ஆளா போய் நிப்பாரு. ஆனா ஒரு ஐடியா வந்துச்சின்னா அவரும் தூங்க மாட்டாரு, நம்மளயும் தூங்க வுட மாட்டாரு. பாஸ்டரம்மா இன்னும் ஒரு படி மேல. எதுக்கெடுத்தாலும் "கர்த்தருடைய சித்தம்". கரண்ட்டு போனா கர்த்தருடைய சித்தம். லோக்கல் ரயில் லேட்டா வந்தா கர்த்தருடைய சித்தம். சாம்பார்ல உப்பு கூடிப்போனாக்கூட அவங்க கை பண்ண வேல இல்ல, அதுவும் கர்த்தருடைய சித்தம்தான்.

ரெண்டு வருஷம் முன்னாடி பாஸ்டர் திருவள்ளூர்ல ஏதோ ஊழியர் கூட்டம்னு ரயில் மாறிப் போய்ட்டு வந்தாரு. வந்தவரு ஊட்டுக்குக்கூட போகல, நேரா என் கடைக்கு வந்தாரு.

"பிரதர்! உங்க கேமரா ஒரு ஊழியம்!"

"இல்ல பாஸ்டர், அதுல லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிருக்கு."

மனுஷன் கேக்கற நெலமையில இல்ல. கூட்டத்துல யாரோ பேசினாங்களாம், பாடத் தெரிஞ்சவன் பாடறான், பேசத் தெரிஞ்சவன் பேசறான், படம் புடிக்கத் தெரிஞ்சவன் இன்னா பண்றான்னு. "ஏழைங்க மூஞ்ச யாரும் நின்னு பாக்கறதில்ல பிரதர். நீங்க பாக்க வைக்கணும்"னாரு. அந்த ஒரு பேச்சு எனக்கே நல்லா இருந்துச்சு. திட்டம் இதுதான்: சனிக்கிழமை சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் கெளம்பி சூளை, மீன் மார்க்கெட்டு, கம்பெனிங்க பின்னாடி இருக்கற குடிசைங்கன்னு போறது. எல்லாரையும் சும்மா போட்டோ எடுக்கறது, பிரிண்ட் போட்டுக் குடுக்கறது. அதுல நல்லா வந்த பன்னெண்ட எடுத்து சபைக் காலண்டர் போடறது. காலண்டர வெளியூர்ல இருக்கற விசுவாசிங்க வாங்குவாங்க, அதுல வர்றத வச்சி அடுத்த கிறிஸ்துமஸுக்குப் புருஷன் இல்லாத பொம்பளைங்களுக்கு அரிசியும் பொடவையும் குடுக்கறது. அரிசி, பொடவை குடுக்கறது எங்க சபையில ரொம்ப நாள் வழக்கம், சுத்துப்பட்டுல எல்லாருக்கும் தெரியும்.

ஊட்டுல சொன்னேன். "சனிக்கிழமை காலையில குறட்ட வுடறதுக்கு இது எவ்ளோவோ மேல்"னா எங்க ஊட்டம்மா. அதோட பேச்சு முடிஞ்சுது.

மொதல்ல ஒரு செங்கல் சூளைக்குப் போனோம். போட்டோன்னு சொன்னதும் அங்க ஒரு கலவரமே நடந்துச்சு. இருந்த ஒத்த சீப்பு ஊடு ஊடா ஓடுச்சு. ஒருத்தன் கையில இருந்த வாட்ச்ச அஞ்சு பேரு மாத்தி மாத்திக் கட்டிகினாங்க. அது ஓடாத வாட்ச்சு. ஒரு பெருசு என்கிட்ட வந்து, "ஆதார் கார்டுல என் மூஞ்சி இருக்கற எடத்துல கருப்பா என்னமோ இருக்குதுப்பா. எனக்கும் கண்ணு மூக்கெல்லாம் இருக்குதுன்னு தெரியற மாதிரி ஒண்ணு எடு"ன்னாரு. எடுத்து கேமராவுக்குப் பின்னால இருக்கற சின்னத் திரையில காமிச்சேன். உத்து உத்துப் பாத்துட்டு, "எங்க நைனா மாதிரியே இருக்கேனே"ன்னு சொல்லி துண்டால கண்ணத் தொடச்சிகினாரு. எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. மெய்யாலுமே எனக்கு அந்த வேல புடிச்சிப்போச்சு. கல்யாண ஊட்டுல ஆயிரம் படம் எடுத்தாலும், தட்டுல ஐஸ்க்ரீம் இருக்கும்போது ஒருத்தனும் நம்மளத் திரும்பிப் பாக்க மாட்டான்.

பாஸ்டருக்குத்தான் மனசு ஆறல. படத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல பாத்துட்டு மோவாயத் தடவிகினாரு.

"எல்லாரும் சிரிக்கறாங்களே பிரதர்."

"போட்டோன்னா சிரிக்கத்தான பாஸ்டர் செய்வாங்க."

"இல்ல, பாக்கறவங்களுக்கு ஒரு பாரம் வரணும் இல்ல? இவங்களப் பாத்தா கஷ்டப்படறவங்க மாதிரியே தெரியலையே."

"வாரம் பூரா கஷ்டப்பட்டாங்க. போட்டோவுக்கு ஒரு நிமிஷம் லீவு எடுத்துகினாங்க"ன்னேன். அவரும் சிரிச்சிட்டாரு. ஆனா அடுத்த சனிக்கிழமையிலேர்ந்து, "சிரிக்காதது ஒண்ணு, சும்மா ஒண்ணு எடுத்து வச்சிக்குங்க பிரதர்"னு காதுல ஓதிகினே வந்தாரு. நானும் எடுத்து வச்சேன். அதுதான் என் மொதத் தப்பு.

நவம்பர்ல மீன் மார்க்கெட்டுக்குப் போனோம். அங்க ஒரு மீன்காரம்மா. நாப்பது நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஏரிக்கரைக் குப்பத்துலேர்ந்து ஷேர் ஆட்டோவுல கூடையோட வந்து எறங்கி, சாயங்காலம் வரைக்கும் குந்திகினு வியாபாரம் பண்ணும். எங்க ஊட்டுக்கு மடவை, நண்டெல்லாம் அந்தம்மாகிட்டதான். பழவேற்காடு ஏரியில மீன் கொறஞ்சிபோனதும் புருஷன்காரரு ஆந்திரா பக்கம், சூளூர்பேட்டை தாண்டி, எறா குட்டையில காவல் வேலைக்குப் போயிட்டாரு. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. ஆனா தெனம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு டாண்ணு போன் வரும். அந்தம்மா மீன ஆய்ஞ்சிகினே, காதுக்கும் தோளுக்கும் நடுவுல போனச் சொருகிகினு அவரத் திட்டும். "சாப்டியா? பொய் சொல்லாத. இன்னா கொழம்பு?" அந்தாளு இன்னா சாப்ட்டாருன்னு மார்க்கெட்டுக்கே தெரியும்.

போட்டோன்னதும் அந்தம்மாவுக்கு மூஞ்செல்லாம் பல்லு. "அண்ணே, நல்லா எடு. அவரு என் படம் ஒண்ணு கேட்டுகினே கீறாரு. குட்டையில ஒண்டியா கெடக்கறாரு இல்ல, கொட்டாயில மாட்டி வச்சிக்குவாரு." ஐஸ் பெட்டியில உருகின தண்ணிய எடுத்து மூஞ்சக் கழுவுச்சு. இடுப்புல இருந்த சுருக்குப் பையிலேர்ந்து புத்தம் புதுசா ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டைய எடுத்து, அதுல மொதப் பொட்ட, அரக்குக் கலரு, நெத்தி நடுவுல ஒட்டுச்சு. பக்கத்துப் பூக்காரிகிட்ட ஒரு மொழம் கனகாம்பரம் வாங்கி வச்சிகினு, ஒரு மடவையத் தூக்கிப் புடிச்சிகினு, "இதுவும் தெரியணும்ணே"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சுது பாருங்க, படம் ஷோக்கா வுழுந்துது. அப்புறம் வெயிலு கண்ணுல அடிச்சி லேசா மூஞ்ச சுளிச்ச நேரத்துல பாஸ்டருக்காக இன்னொண்ணு தட்டினேன்.

பாஸ்டர் எத எடுத்திருப்பாருன்னு சொல்லத் தேவையில்ல. சுளிச்ச மூஞ்சிதான் அவருக்குப் புடிச்சுது. "இதுல பாரம் இருக்கு பிரதர். ஆனா அந்தப் பொட்டும் பூவும்..."னு இழுத்தாரு. எங்க சபையில பொம்பளைங்க பொட்டு வைக்க மாட்டாங்க, பூ வைக்க மாட்டாங்க, நகையும் போட மாட்டாங்க.

"அந்தம்மா நம்ம சபை இல்லையே பாஸ்டர்."

"காலண்டர் நம்ம சபையோடது இல்ல? ஜனங்க கேப்பாங்க பிரதர். லேசா எடுத்துடுங்க. உங்களுக்கு அது ஒரு வேலையா?"

அது ஒரு வேலையே இல்லதான். அதான் கோளாறு. அன்னிக்கே "முடியாது, வேற படம் பாருங்க"ன்னு சொல்லியிருக்கணும், சொல்லல. பருவத் தொடைக்கற மாதிரி ஒரு தொட, பொட்டு போச்சு. பூவுதான் கொஞ்சம் பேஜாரு குடுத்துச்சு, முடியோட முடியா கலந்து வுட்டேன். தாலிக் கவுறு எட்டிப் பாத்த எடத்துல பொடவ மடிப்ப இழுத்து வுட்டேன். முடிச்சிட்டு, எவனாவது கண்டுபுடிக்கட்டும் பாக்கலாம்னு ஒரு திமிரு வேற. பொட்டு இல்லாம, பூ இல்லாம, தாலி தெரியாம, மூஞ்ச சுளிச்சிகினு இருக்கற ஒரு பொம்பளையப் பாத்தா நம்ம ஊருல இன்னா நெனப்பாங்க? கொழந்தைக்குக்கூட தெரியும். எனக்கு ஓடல. என் கண்ணுக்கு அது ஒரு நெத்தி, அதுல ஒரு செவப்புப் புள்ளி, அவ்ளோதான்.

காலண்டர் சிவகாசியில அச்சாகி டிசம்பர் கடைசியில வந்துச்சு. மீன்காரம்மா படம் மார்ச் மாசத்துல. ஆனா புதுக் காலண்டர் கையில கெடச்சா எவன் ஜனவரியோட நிக்கறான்? படபடன்னு பன்னெண்டு பக்கத்தையும் பொரட்டிடுவான். பாஸ்டரம்மா மார்க்கெட்டு பூரா சும்மா குடுத்துட்டு வந்தாங்க. குப்பத்துல எல்லா ஊட்டுலயும் தொங்குச்சு. நான் குடுக்கறதா சொன்ன பிரிண்ட் மட்டும் போகல. அந்தம்மா என்ன எப்பப் பாத்தாலும், "அண்ணே, என் படம் வந்துச்சா?"ன்னு கேக்கும். "வரும்மா, வரும்"னுவேன். ஸ்டூடியோக்காரன் பேச்சு உங்களுக்குத் தெரியாதா? காலண்டர் வந்தப்புறம் அந்தம்மா கேக்கறத நிறுத்திடுச்சு. தொல்ல வுட்டுச்சுன்னு நெனச்சிகினேன்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தம்மா சர்ச்சுக்கு வந்துச்சு.

எனக்குத் தூக்கமே கலைஞ்சி போச்சு. வாசல்ல செருப்புக்குப் பக்கத்துல மீன் கூடைய வச்சிட்டு, கடைசி வரிசையில ஓரமா வந்து முட்டி போட்டுச்சு. நெத்தியில பொட்டு, தலையில பூவு. பாஸ்டரம்மா கண்ணு அந்தப் பொட்டு மேலயே இருந்துச்சு. நாங்க எழுந்து பாடினப்பவும் அந்தம்மா முட்டி போட்டுகினுதான் இருந்துச்சு. பிரசங்கம் முடியற வரைக்கும் எழுந்திரிக்கல. அடுத்த வாரமும் வந்துச்சு. அதுக்கு அடுத்த வாரமும். பாஸ்டருக்குக் காலு தரையில நிக்கல. "பாத்தீங்களா பிரதர்! உங்க கேமரா ஊழியத்தோட மொதக் கனி!"ன்னு என் கையப் புடிச்சி குலுக்கினாரு. எங்க ஊட்டம்மாகூட அன்னிக்கி என்ன மரியாதையா பாத்தா, கறிக்கொழம்புல ரெண்டு துண்டு கூட வுழுந்துச்சு. நானும், பரவால்ல, நம்மளால ஒரு ஆத்மா வந்திருக்குன்னு நெஞ்ச நிமித்திகினுதான் திரிஞ்சேன். அஞ்சு மணி போன் நின்னுபோனத நான் கவனிக்கவே இல்ல. மீன வாங்கினா மீனோட சரி, மூஞ்சப் பாக்கணும்னு யாருக்குத் தோணுது?

பிப்ரவரி கடைசியில பாஸ்டர் ஒரு சனிக்கிழமை கூப்ட்டாரு. அந்தம்மா சாட்சி சொல்றத வீடியோ எடுக்கணும், காலண்டர் வாங்கினவங்களுக்கு அனுப்பணும்னாரு. சர்ச்சுக்குள்ள ஒரு பிளாஸ்டிக் சேரப் போட்டு அந்தம்மாவக் குந்த வச்சோம். நான் ஸ்டாண்டுல கேமராவ மாட்டினேன். பாஸ்டரம்மா பொட்ட எடுத்துடச் சொல்லி சாடையா சொல்லிப் பாத்தாங்க. அந்தம்மா நெத்தியக் கையால மூடிகினு, "அது மட்டும் வேணாம்மா"ன்னு கெஞ்சுச்சு. எனக்கு அப்பக்கூட வெளங்கல.

"சிஸ்டர், எப்டி இந்த சபைக்கு வந்தீங்க? மனசுல இருக்கறத அப்டியே சொல்லுங்க"ன்னாரு பாஸ்டர்.

அந்தம்மா கேமராவப் பாக்கல, தரையப் பாத்துகினே சொல்லுச்சு. "அந்தக் காலண்டரப் பாத்துட்டுத்தான் வந்தேன். அன்னிக்கி நான் பொட்டு வச்சிருந்தேன். புது அட்டை, மொதப் பொட்டு. பூவும் வச்சிருந்தேன். காலண்டர்ல ரெண்டும் இல்ல. பாஸ்டரம்மாவ மார்க்கெட்டுல கேட்டேன், என் பொட்டு எங்கம்மா போச்சுன்னு. கர்த்தருடைய சித்தம்னு சொன்னாங்க. அந்த வாரமே அவரு போனு நின்னுபோச்சு. பொங்கலுக்கும் வரல. எத்தினி தடவ போட்டாலும் ஸ்விட்ச் ஆஃப். அப்பத்தான் எனக்குப் புரிஞ்சிது. உங்க சாமிக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. என் பொட்டு போகப் போவுதுன்னு படத்துல காட்டிட்டாரு. அதான் வந்து முட்டி போட்டுகினு கெடக்கறேன். அவர வுட்டுடு சாமி, என் உசுர வேணா எடுத்துக்கன்னு. வேற எதுவும் நான் கேக்கல."

மூக்க சிந்திகினு மறுபடி சொல்லுச்சு. "பக்கத்து ஊட்டுப் பொண்ணு சொல்லுச்சு, கம்ப்யூட்டர்ல அழிச்சிருப்பாங்க அத்தைன்னு. நான் அதத் திட்டி அனுப்பிட்டேன். அந்த அண்ணன் ஏன் என் பொட்ட அழிக்கப் போறாரு? நான் அவருக்கு இன்னா பாவம் பண்ணேன்? சாமி வேல செய்யறவங்க அப்டில்லாம் செய்ய மாட்டாங்கடின்னேன்."

கேமராவுல செவப்பு வெளக்கு எரிஞ்சிகினு இருந்துச்சு. நான் அத அமுத்தி நிறுத்தினேன். பாஸ்டர் என்னப் பாத்தாரு, நான் ஸ்டாண்டப் பாத்தேன், பாஸ்டரம்மா சுத்தாத பேனப் பாத்தாங்க.

"நாந்தாம்மா அழிச்சேன்"னேன்.

"இன்னாது?"

"பொட்ட. நாந்தான் அழிச்சேன். சாமிக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல. வா, காட்டறேன்."

கடைக்குக் கூட்டிகினு வந்து கம்ப்யூட்டரத் தொறந்து அந்தச் சிரிச்ச படத்தப் போட்டேன். பொட்டு, கனகாம்பரம், மடவை, மூஞ்சி பூரா சிரிப்பு. அந்தம்மா வெரல நீட்டி திரையில அந்தப் பொட்டு மேல வச்சுது. எடுக்கவே இல்ல. "அப்போ அவருக்கு ஒண்ணும் ஆவலயா?"ன்னு கேட்டுச்சு. தெரியலம்மான்னேன். அதான நெசம்? பொட்டு எப்டிப் போச்சுன்னு தெரிஞ்சிபோச்சு, ஆளு எங்கன்னு தெரியலையே.

அதுக்கப்புறம்தான் அந்தம்மாவுக்குக் கோவம் வந்துச்சு. வந்துச்சு பாருங்க, டீக்கடையில இருந்தவன்லாம் கிளாஸோட எழுந்து வந்துட்டான். "அடப்பாவி, நீ நல்லா இருப்பியா? இத உன்கிட்ட வச்சிகினுதான் வரும் வரும்னியா? ரெண்டு மாசமா நான் பச்சத் தண்ணி எறங்காம கெடந்தேனே, கசுமாலம், உனக்கு ஊழியம் ஒரு கேடா!" பாஸ்டர் வாசப்படியில நின்னுகினு தலையக் குனிஞ்சிகினாரு. அப்புறம் கோவமெல்லாம் வடிஞ்சி, "நீயே போயிப் பாத்துட்டு வா. நான் வரல. அங்க போய் வேற எதாச்சும் கேட்டேன்னா என்னால தாங்க முடியாது"ன்னு சொல்லி குட்டை இருக்கற ஊரச் சொல்லுச்சு.

அப்பவே அந்தப் படத்தப் பெரிசா பிரிண்ட் போட்டேன். நவம்பர்லேர்ந்து வராத பிரிண்ட், பத்து நிமிஷத்துல வந்துச்சு. அட்டையில சுருட்டிகினு பைக்க எடுத்தேன். பாஸ்டர் பின்னாடி ஏறிக் குந்திகினாரு. ஆந்திரா பார்டர்ல தடா ஊரு தாண்டற வரைக்கும் ஒவ்வொரு லாரிக்கும் ஒரு ஜெபம் பண்ணாரு. எனக்கு லாரி பயம் இல்ல. அந்தாளு மெய்யாலுமே போய்ச் சேந்திருந்தா நான் திரும்பி வந்து இன்னா சொல்லுவேன்? மனசுல அதுதான் ஓடிகினு இருந்துச்சு. வாழ்க்கையில மொத தடவ யாரும் இடிக்காம நானா ஜெபம் பண்ணேன்.

சூளூர்பேட்டைக்கு அப்பால ரெண்டு மூணு எடத்துல தெலுங்குல தடுமாறி விசாரிச்சி, ஒருவழியா குட்டையக் கண்டுபுடிச்சோம். கரை மேல கட்டம் போட்ட லுங்கியோட ஒரு ஆளு எறாவுக்குத் தீனி எறைச்சிகினு இருந்தாரு. கெளம்பும்போது மீன்காரம்மா போன்ல காமிச்ச படத்துல இருந்த அதே மீசை. உசுரோட, குண்டு கல்லாட்டம் நின்னாரு. நான் கரையிலயே குந்திட்டேன்.

யாருன்னு சொன்னதும் தீனிக் கூடைய கீழ வச்சாரு.

"ஓ, நீங்கதான் எனக்குப் பால் ஊத்தினவங்களா?"

போன எடுத்துக் காமிச்சாரு. எங்க காலண்டரோட மார்ச் பக்கம். குப்பத்துல ஒரு தறுதல அதப் போட்டோ புடிச்சி, "மச்சான், உனக்குக் கருமாதி எப்போ?"ன்னு எழுதி, சிரிக்கற பொம்மையெல்லாம் போட்டு அனுப்பியிருக்கான்.

"உங்க சர்ச்சுல புருஷன் செத்தவளுக்கு அரிசியும் பொடவையும் குடுப்பீங்க, அது எனக்குத் தெரியும். அந்த அரிசிக்காக என் பொண்டாட்டி என்ன சாகடிச்சிட்டான்னு நெனச்சேன். கேட்டிருந்தா ஒரு மூட்டையே அனுப்பியிருப்பனே சார்! இருவது வருஷத்துக்கு மேல குடும்பம் பண்ணியிருக்கேன், அஞ்சு கிலோ அரிசிக்குப் பொட்ட எடுத்துட்டாளேன்னு எனக்கு... சிம்மக் கழட்டி ஒடச்சி இந்தக் குட்டையிலயே போட்டுட்டேன். செத்தவனுக்கு எதுக்கு போனு?"

நான் அட்டையப் பிரிச்சிப் படத்த நீட்டினேன். லுங்கியில கைய ரெண்டு தடவ தொடச்சிகினு வாங்கினாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "இந்தப் பொட்டு அட்டை நான் வாங்கிக் குடுத்தது. சூளூர்பேட்டை சந்தையில. தீவாளிக்கு"ன்னாரு. "யாரு அழிச்சது?"

நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, "நான்தாங்க சொன்னேன். தப்பு என்னுது"ன்னாரு பாஸ்டர். "கையி என்னுது"ன்னேன் நான். அந்தாளு ரெண்டு பேரையும் மேலயும் கீழயும் பாத்தாரு. "நல்லா இருப்பீங்க"ன்னாரு. எப்டிச் சொன்னாருன்னு நான் சொல்ல வேணாம், நீங்களே போட்டுக்குங்க.

அந்தாளு பாஸ்டரோட போன வாங்கி பொண்டாட்டி நம்பரப் போட்டாரு. "நான்தான்"னாரு. போனக் காதுல வச்சிகினு கரை மேல அந்தக் கோடிக்கு நடந்துபோயிட்டாரு. நாங்க ரெண்டு பேரும் கொசுக்கடியில நின்னோம். அங்கேர்ந்து, "சாப்ட்டேன்டி, மெய்யாலுமே சாப்ட்டேன்! எறாக் கொழம்பு!"ன்னு அந்தாளு கத்தறது கேட்டுச்சு. பாஸ்டர் கண்ணாடியக் கழட்டித் தொடச்சிகினாரு. நான் மூக்க சிந்திட்டு தூசின்னேன்.

அடுத்த ஞாயிறு பாஸ்டர் பிரசங்கம் பண்ணல. நடந்தத ஒண்ணு வுடாம சொல்லிட்டு, எல்லார் ஊட்டுக் காலண்டர்லயும் மார்ச் மாசத்தக் கிழிச்சிக் கொண்டாரச் சொன்னாரு. நான் அன்னிக்கி தூங்கல. குப்பத்துக்கு நானே போய் ஊடு ஊடா மார்ச் பக்கத்து மேல அந்தச் சிரிச்ச படத்த ஒட்டிட்டு வந்தேன். ரெண்டு ஊட்டுல திட்டு வாங்கினேன், ஒரு ஊட்டுல மோர் குடுத்தாங்க. பாஸ்டரம்மா அதுக்கப்புறம் கரண்ட்டு போனா "கரண்ட்டு போச்சு"ன்னுதான் சொல்றாங்க. மீன்காரம்மா சர்ச்சுக்கு வரல. கடைசி வரிசையில அந்த எடம் காலியா கெடக்கறத பாஸ்டர் பாப்பாரு, என்னப் பாப்பாரு, வசனத்தத் தேடற மாதிரி குனிஞ்சிக்குவாரு. எங்க மொதக் கனி அது. பயத்துல பழுத்தது, பயம் போனதும் ஊட்டுக்குப் போயிடுச்சு.

மார்ச் கடைசியில ஒரு நாள் காலையில, ஐடி கார்டு கூட்டம் வடிஞ்சதும், அந்தம்மா புருஷனக் கூட்டிகினு கடைக்கு வந்துச்சு. ஆணியில தொங்கற நீலச் சட்டைய அவரு எடுக்கப் போனாரு. "அது ஊராமூட்டு வேர்வ, வுடு"ன்னு அதட்டுச்சு. ரெண்டு பேரும் புதுத் துணியிலதான் வந்திருந்தாங்க. கூடையிலேர்ந்து எலையில சுத்தின மடவைய எடுத்து என் டேபிள் மேல வச்சுது.

"எதுக்கும்மா இது? ஒண்ணும் வேணாம். உங்களுக்கு சும்மாவே எடுத்துத் தரேன்"னேன்.

"சும்மா எடுத்தா அது உங்க படம். நீங்க இன்னா வேணா பண்ணுவீங்க"ன்னுச்சு. "இது நான் வெல குடுத்து எடுக்கற படம். மீன உள்ள வை."

வச்சேன். ரெண்டு பேரையும் நிக்க வச்சி எடுத்தேன். அவரு வெறப்பா நின்னாரு, அந்தம்மா இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுச்சு, சிரிச்சிட்டாரு, அந்த நேரம் தட்டினேன். கம்ப்யூட்டருக்கு வந்து ஒக்காந்தா, அந்தம்மாவும் ஸ்டூல இழுத்துப் போட்டுகினு எனக்குப் பக்கத்துலயே குந்திகினுச்சு. அந்தம்மா நெத்தியில அரக்குப் பொட்டு பளிச்சின்னு இருந்துச்சு. அவரு கன்னத்துல எறா வல கிழிச்ச தழும்பு ஒண்ணு. பழக்கதோஷம், என் கை தானா மவுஸுக்குப் போச்சு.

"கைய எடு"ன்னுச்சு அந்தம்மா.

எடுத்துட்டேன்.